திரும்பும்போது நான்தான் ஓட்டுவேன்

ஏனுங்க,

கச்சேரிக்குக் கிளம்பிவிட்டேன். ஆமாங்க, தனியாகத்தான்! அரிசிம்பருப்புச் சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது, நெய் ஊற்றிச் சாப்பிடுங்கள்.

நேற்றுச் சண்டையில் உங்களைப் பற்றியே என்ன சொன்னீர்கள்? "பேக்கிங் செக்சன்ல நிக்கிறவனுக்குப் புல்லாங்குழல் ஒரு கேடு! கிளாசும் வேண்டாம், கச்சேரியும் வேண்டாம்." அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட், ஓவர்டைம் என்று கச்சேரிக்குப் போவதை நிறுத்தினீர்கள். குழல் வாசிப்பும் அதோடு நின்றுவிட்டது.

முன்பெல்லாம் மாதம் தவறாமல் போவோமே! வித்வானின் விரல் தெரிகிற இடம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பீர்கள். ஒருமுறை இடம் பிடிக்க நான் பனியன் துணியை விரித்துவிட்டு டீ குடிக்க வந்தேன். மைக்செட்காரர் அதை வேஸ்ட் துணி என்று நினைத்து ஸ்பீக்கரைத் துடைத்துவிட்டு, "நல்ல துணிங்க, இன்னொண்ணு இருக்குதுங்களா?" என்றார். கச்சேரி முழுக்க நின்றுகொண்டே சிரித்தோம்.

திரும்பும்போது ஸ்கூட்டியை நான்தான் ஓட்டுவேன். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, கேட்ட பாட்டை மறப்பதற்குள் என் தோளில் விரல் வைத்து வாசித்துப் பார்ப்பீர்கள். மறுநாள் அது குழலில் வரும். எனக்கு ராகம் தெரியாது. ஆனால் எந்தப் பாட்டு உங்களைப் பிடித்து உலுக்கியது என்று அந்த விரல்கள் சொல்லிவிடும்.

வெளியே கிளம்பினால் சாவியைப் பக்கத்து வீட்டு குல்சார் அக்காவிடம் கொடுங்கள்.

தேஜு

இன்னொன்று: வண்டி என்னிடம் இருக்கிறது. மண்டபத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்துவிடுங்கள். திரும்பும்போது மெதுவாகவே ஓட்டுகிறேன்.