நான்காவது ஆட்டம்

ஜூன் 14, சனி

தூக்கம் வரவில்லை. ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயித்தால் கோப்பை. முதல் இரண்டையும் யாழினியின் கூடைப்பந்துக் குழு சிரித்துக்கொண்டே ஜெயித்தது. "உங்க மக டீம யாருண்ணே அடிக்கிறது?" என்று தொழிற்சாலையில் எல்லோரும் சொன்னார்கள். புதன்கிழமை தோற்றார்கள். இன்றும் தோற்றார்கள், பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்துவிட்டு.

கடைசிப் பந்தை எப்போதும் யாழினியிடம்தான் கொடுப்பார்கள். அவள்தான் கேப்டன். இன்று எதிரணிப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால், பந்து வர வழியே இல்லாத இடத்தில் நின்றாள். கோச் கத்தியும் நகரவில்லை. கால் வலியோ என்று பயந்தேன்.

திரும்பும் வழியில், பாயா ரும்புட் சந்திப்பின் சிவப்பு விளக்கில் காடியை நிறுத்தியபோது கேட்டேன்.

"கால் நல்லாத்தான் இருக்குப்பா." ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "பந்து என்கிட்ட வந்துடக்கூடாதுன்னு சாமிய வேண்டிக்கிட்டே நின்னேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க லா."

"சரிம்மா" என்றேன். பின்னால் நின்ற காடிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானதைப் பார்த்தேன்.

நாளை கடைசி ஆட்டம். கிளம்புமுன் வழக்கம்போல என் முன்னால் வந்து நெற்றியைக் காட்டுவாள். திருநீறு பூசும்போது சாமியிடம் என்ன கேட்பது?

இன்று கடைசி நிமிடத்தில், கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, பந்து அவளிடம் போகக்கூடாது என்றுதான் நானும் கும்பிட்டேன். இதுவரை நான் கேட்ட எதையும் சாமி இவ்வளவு சீக்கிரம் கொடுத்ததில்லை.