சிஞ்ஞோராவின் தகப்பன் ஓட்டிய விமானம்

மார்ச் 3, செவ்வாய்

விடியத்திலிருந்து ஆபிரிக்கக் காற்று. பால்கனியில் காயப்போட்ட துணியெல்லாம் செம்மஞ்சள் தூசு. திரும்பவும் தோய்த்தேன். நான் பார்த்துக்கொள்ளும் கிழவி, சிஞ்ஞோராவுக்கு (இனி சி.) மூச்சு இழுப்பு. யன்னல்கள் பூட்டு. மீன் சூப், பாதிதான் குடித்தார்.

ஜெர்மன் ஆவணக் காப்பகத்திலிருந்து மின்னஞ்சல், ஒருவழியாக. சி. தந்திருந்தது ஒரு பெயர், ஓர் ஊர், விமானி உடுப்பில் சிரிக்கிற ஒரு மங்கிய படம். வெர்னர். இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கே பலெர்மோவுக்கு வந்த ஜெர்மன்காரன், சி.யின் தகப்பன். சி.யின் தாயார் சாகும் தறுவாயில்தான் அந்தப் பெயரைச் சொன்னாராம். அதுவரை துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள போர்கோ வெக்கியோவில் ‘தகப்பன் இல்லாதவள்’ என்று பேச்சு வாங்கி வளர்ந்தவர் சி. இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தபோது நான் படித்த ஜெர்மன் இப்படி ஒரு வேலைக்கு உதவும் என்று யார் கண்டது.

பதில் இதுதான்: சரக்கு விமானம். இங்கிருந்து ஆபிரிக்காவுக்கு எண்ணெய், மருந்து. திரும்பும்போது காயக்காரர்கள். பிறகு வேறு பிரிவுக்கு மாற்றம்; எங்கே, என்ன விமானம், பதிவு இல்லை. யுத்தம் முடியும்போது உயிரோடு.

மொழிபெயர்த்துச் சொன்னேன். ‘காயக்காரர்கள்’ என்ற இடத்தை மூன்று தரம் சொல்லவைத்தார். பின்னேரம் மீதிச் சூப்பையும் குடித்தார்.

மார்ச் 5, வியாழன்

குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், பெர்மெஸ்ஸோ வரிசை; வதிவிட அனுமதி புதுப்பிக்க. காற்று நின்றுவிட்டது, வெக்கை நிற்கவில்லை. வரிசையில் நின்றபடியே வெர்னரின் ஊர்த் தேவாலயத்துக்குப் போன் எடுத்தேன். பாதிரியாருக்கு வயதான குரல். ஆள் எப்போதோ இறந்துவிட்டானாம். மகள் ஒருத்தி இருக்கிறாளாம், என் இலக்கத்தை அவளிடம் கொடுக்கிறேன் என்றார். சி.யிடம் இன்னும் சொல்லவில்லை. ஆசை காட்டிவிட்டு ஒன்றும் வராவிட்டால்?

ஒரேத்தோத் தெருவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர நாலு மணி. என் மனுசன் உணவகத்து வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டார்:

“ஊரிலை எங்களுக்குக் குண்டு போட்டவனை ஆரும் தேடேல்லை. நீர் ஆரோ ஒரு விமானியைத் தேடித் திரியிறீர்.”

“இவன் மருந்து கொண்டுபோனவன்.”

“ஓம். எல்லாரும் மருந்துதான் கொண்டுபோனவை.”

போய்விட்டார். குசினியைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். வுச்சீரியாச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு நிற்கையில் ஜெர்மன் இலக்கத்திலிருந்து அழைப்பு. மகள். பெயர் உல்ரிகெ. சுற்றிவரப் பாட்டும் இரைச்சலும். ஒரு தேவாலயப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

இத்தாலியில் அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்பதை அவள் அமைதியாகத்தான் எடுத்துக்கொண்டாள். அப்பா யுத்தத்தைப் பற்றிக் கதைக்கவே மாட்டாராம். ஒரேயொரு தடவை, இவளுடைய கல்யாணத்தன்று, குடித்துவிட்டுச் சொன்னாராம். சரக்கு விமானத்திலிருந்து குண்டு விமானத்துக்கு மாற்றினார்கள். அமெரிக்கர் பலெர்மோவைப் பிடித்த பிறகு துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டு வா என்று அனுப்பினார்கள். துறைமுகத்துக்குப் பின்தெருவில் தனக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்தாள்.

கடலில் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். சி.க்காகக் கேட்டேனா, எனக்காகவா, தெரியவில்லை.

“நானும் அதையேதான் கேட்டேன்,” என்றாள். “இல்லை, துறைமுகத்தில்தான் போட்டேன் என்றார்.”

கீரையைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

மழை மப்பு, மழை இல்லை. வேலையில் மனம் இல்லை. சி.யின் காலை மாத்திரையை மத்தியானம் நினைத்துக் கொடுத்தேன். அவரோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, என் தகப்பன் காயக்காரரைக் காப்பாற்றியவன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் குசினிக்குள் நின்றேன்.

சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. எங்கள் வளவுப் பதுங்குகுழியில் அம்மா என் காதைப் பொத்துவா. பொத்தினாலும் கேட்கும். மேலே பறக்கிறவனுக்கு முகம் இருக்கும் என்று அப்போது நினைத்ததே இல்லை. இப்போது ஒருவனுக்கு முகம் இருக்கிறது. சிரிக்கிறான். அதுதான் கரைச்சல்.

வீட்டுக்கு வந்ததும் மனுசன் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன்.

அவருக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தபோது, அவர் முகத்தை நான் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் நின்று. உல்ரிகெ சொன்னதை ஒரு சொல் குறைக்காமல்.

பிறகு சொன்னார். அமெரிக்கர் வந்த பிறகு விழுந்த குண்டில் தாயாரின் தங்கை செத்துப்போனாள். தண்ணீர் எடுக்கப் போனவள். தாயார் அப்போது வயிற்றில் இவரைச் சுமந்தபடி வாசலில். “அந்தக் குண்டா?” என்று கேட்டார். அதே நாளா, அவன்தானா, யாராலும் சொல்ல முடியாது என்றேன். உண்மையும் அதுதான்.

“அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா?”

என்னிடம் கேட்கிறார்.

சீப்பை வாங்கித் தானே தலையை வாரத் தொடங்கினார். இன்றைக்கு வீட்டுக்குப் போ என்றார். நாளைக்கும் வரவேண்டாமாம். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நடந்தே ஒரேத்தோ வந்தேன், பஸ்ஸில் இருக்கப் பொறுமை இல்லை.

மார்ச் 14, சனி

நல்ல வெளிச்சம். காலையில் சி.யே அழைத்தார். வா, அந்தப் பெண்ணுக்குப் போன் எடு.

நல்ல உடுப்பு, காதில் தோடு. போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். இரண்டு கிழவிகள், நடுவில் நான். வணக்கம், சுகமா, அங்கே குளிரா. பிறகு சி. கேட்டார்: அவருக்கு என்னைப் பற்றித் தெரியுமா? உல்ரிகெ: தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவள் அழுதாள். சி. அழவில்லை.

உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள் உல்ரிகெ. மொழிபெயர்த்தேன். சி. தலையாட்டவில்லை.

“அம்மா பிறகு. முதலில் சித்தியைச் சொல்லு, மாலதி. தண்ணீருக்குப் போனவள் என்று சொல்லு. ஆகத்தா. அவளுடைய பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள்.”

சொன்னேன். ஜெர்மனில் எனக்கு நாக்குத் தடுக்கியது. பிறகு உல்ரிகெ மெல்ல, “அகாத்தா.”

“ஆகத்தா,” என்று சி. திருத்தினார். திரும்பச் சொல்லச் சொன்னார்.

அவள் சொன்னாள்.