தணிக்கையில் போன கட்டம்

தூத்துக்குடி,
4–6–1943

கர்த்தருக்குள் அன்பான திரு. தேவபிரசாதம் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் காய்ச்சல் விட்டதா? சுந்தர்சிங் அண்ணன், "கொழும்புக்குப் போனதும் என் சிநேகிதன் என்னை மறந்துட்டு உனக்குல்லா எழுதுதான்" என்று குறைப்படுகிறான்.

இந்த வாரக் குறுக்கெழுத்துப் போட்டி முழுக்கக் கவிஞர்கள்தான். கட்டத்தைக் கீழே வரைந்திருக்கிறேன். மேலிருந்து கீழ், கடலைப் பாடிய கவிஞர், ஐந்தெழுத்து: துறைவாணர் என்று போட்டுவிட்டேன். இடமிருந்து வலம், அவருடைய கவிதைநூல், எட்டெழுத்து: தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

(மறுபக்கம்)

நாசரேத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. அம்மா, "ஏளா, நம்ம வீட்டுல மொத பி.ஏ. நீதான். கட்டம் நிரப்பவா படிச்ச?" என்கிறாள். நான் என்ன பதில் சொல்லட்டும்? உங்களைத்தான் கேட்கிறேன்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் சத்தம் இங்கேயே கேட்கிறது.

இப்படிக்கு,
ஜெபசெல்வி


கொழும்பு,
29–6–1943

அன்புள்ள ஜெபசெல்வி அவர்களுக்கு,

காய்ச்சல் விட்டது. உங்கள் கடிதம்தான் நடுவில் சன்னலோடு வந்தது! யுத்தகாலம் அல்லவா, கட்டத்தைச் சங்கேதம் என்று நினைத்துத் தணிக்கையில் வெட்டி எடுத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, "துறைவாணர் எந்தக் கம்பெனிக் கப்பல்?" என்றார் அதிகாரி. "கப்பல் இல்லை சார், கவிஞர்" என்றேன். "இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறார்?" என்றார்.

நூலின் பெயர் பாய்மரப்பாட்டு. இதையாவது விட்டுவைக்கட்டும்.

வெட்டியதில் மறுபக்கமும் போயிற்று. "உங்களைத்தான் கேட்கிறேன்" என்பது மட்டும் ஓரத்தில் நிற்கிறது. என்ன கேட்டீர்கள்? இனிக் கட்டம் அனுப்ப வேண்டாம். ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
தேவபிரசாதம்


தூத்துக்குடி,
20–7–1943

அன்புள்ள தேவபிரசாதம் அவர்களுக்கு,

கட்டம் இல்லாமல் உங்களுக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. தாளைக் கிழித்துக் கிழித்துப் போடுகிறேன். அண்ணன், "ஏளா, ஜப்பான்காரனுக்கு என்ன ரகசியம் அனுப்புத?" என்று சிரிக்கிறான்.

பாய்மரப்பாட்டு எங்கள் பள்ளி அலமாரியிலேயே இருக்கிறது. இதற்குமுன் கேட்ட நூல்களும்தான்.

நாசரேத்து வரனுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று மறுபக்கத்தில் கேட்டிருந்தேன். உங்கள் பதில் வந்த அன்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏன் வேண்டாம் என்று அப்பா கேட்கிறார். உங்கள் பெயரைச் சொல்லலாமா?

கட்டத்துக்குள் ஏதோ ரகசியம் இருக்கிறதென்று முன்பின் தெரியாத ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். உங்களுக்குத்தான் தெரியவில்லை.

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஜெபசெல்வி


கொழும்பு,
17–8–1943

அன்பு ஜெபசெல்வி,

கடிதம் முழுதாக வந்தது. என் பெயரைச் சொல்.

அப்பாவுக்கும் இன்றே எழுதுகிறேன். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு யுத்தம் முடியும்வரை ஊருக்குப் போக லீவு இல்லையாம். அது எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? தெரியாமலேதான் காத்திருக்கச் சொல்கிறேன்.

சாயங்காலம் கடற்கரையில் நின்று, தூத்துக்குடி இந்தப் பக்கம்தான் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று ஒரு காவல்காரன் வந்து, "தினமும் அங்கே என்ன பார்க்கிறாய்?" என்று அதட்டினான்.

அவனிடமும் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

உன்
தேவபிரசாதம்