வாசிக்காமல் திருப்பிய பக்கம்

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதே. பிள்ளைக்கு இப்போதுதான் காய்ச்சல் தணிந்திருக்கிறது; கண்ணை மூடப் பயமாயிருக்கிறது. காலையில் உக்குவளையில் அரிசிக் கூப்பனுக்குப் பதியப் போன இடத்தில், மைப்பெட்டிக்குள் விரலை விட்டுவிட்டாள். எத்தனை தரம் சோப்புப் போட்டும் அந்த ஊதா போகவில்லை. பார்க்கும்போதெல்லாம் உன் அப்பாவின் கட்டைவிரல்தான் தெரிகிறது.

காலேஜில், மிருகங்கள் ஆட்சியைப் பிடிக்கும் அந்த இங்கிலீஷ் கதையை எல்லோரும் கொண்டாடினோம். நீ மட்டும் புத்தகத்தை என் மடியில் எறிந்தாய்.

"எனக்குப் புடிக்கல."

"தலைவர்மாரைக் குறை சொன்னா தோட்டத்து லயத்துப் புள்ளைக்குப் பொறுக்காதோ?" என்று சீண்டினேன்.

"தலைவரு திருடன்னு எங்க லயத்துல பால்குடிக்கும் தெரியும்டி. அதுக்கொரு புத்தகமா? இதுல உழைக்கிறவங்க அத்தன பேரும் மடையங்க. எழுத்துத் தெரியாட்டி புத்தியும் இல்லையா? படிச்ச நாம மட்டும், ஐயோ பாவம்னு சொல்லிட்டு மூடி வெச்சிரலாம். நமக்கு நல்ல வசதி!"

நான் சிரித்தேன். பரீட்சையில் அந்தக் கதைக்கு எனக்குத்தான் கூடிய புள்ளி.

அடுத்த வருஷம் உன் அம்மாவோடு நீ கண்டி ஆஸ்பத்திரியில் நின்ற வாரம், உங்கள் தோட்டத்துக் கிளாக்கர் பிரஜாவுரிமைப் படிவங்களை வாசித்துக் காட்ட, அப்போதுதான் டீச்சராகியிருந்த என்னை அழைத்தார். உன் அப்பா முன்னால் வந்து நின்றார்.

"இங்கயே இருக்கத்தானே இது, பாப்பா?"

இரண்டாம் பக்கத்தில் இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

"மொதப் பக்கம் போதும் டீச்சர், வரிசை நீளுது" என்றார் கிளாக்கர்.

பக்கத்தைத் திருப்பி, மை வைக்கும் இடத்தைக் காட்டினேன். அப்பா காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். "நீ காட்டுற எடத்துல வெக்கிறேன்" என்று வைத்தார்.

நீங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று மாத்தளை ஸ்டேஷனில் என் தோளில் சாய்ந்து அழுதாய். "யாரோ ஏமாத்திட்டாங்கடி." "தலைவர்மார்தான்" என்றேன். ரயில் போய்விட்டது.

போன மாதம் அந்தக் கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் எல்லோரும் இருக்கிறார்கள், என்னைத் தவிர. இப்போது எனக்கும் அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டார் கடிதம் வாசிக்கச் சொல்லி வந்தால், ஒரு சொல் விடாமல் இரண்டு தரம் வாசிக்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள்.

இதை அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஒருவேளை அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் இருக்கிறாரா? ஒரு வரியாவது சீக்கிரம் பதில் போடு.