ஷூவைக் கழற்றிய தலைவர்

அன்பு மாமா,

அகில உலகத் தமிழர்களுக்கும், குறிப்பாக மேலே போய்விட்ட உங்களுக்கும், ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு மாபெரும் அறிவிப்பு. நம் வீட்டு மைக்ரோவேவ் கடிகாரம் நேற்று மாலை சரியான நேரத்துக்குத் திருத்தப்பட்டது. நீங்கள் போன ஆகஸ்டிலிருந்து அது பன்னிரண்டு, பன்னிரண்டு என்றே கண்ணடித்துக்கொண்டிருந்தது. திருத்தியவன் நான். பாராட்டு விழாவெல்லாம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளும் எடுக்கிற மாதிரி தெரியவில்லை.

அடுத்து ஒரு சின்னச் செய்தி. நம் தமிழ்ச் சங்கத் தலைவர் பாலு அங்கிளை, ஒன்பது வருஷமாக நாற்காலியோடு ஒட்டிப் பிறந்தவரை, பொங்கல் விழா மேடையிலேயே பதவியிலிருந்து இறக்கிவிட்டேன்.

சிரிக்காதீங்க மாமா. நிஜமா.

போன வருஷப் பொதுக்குழு ஞாபகம் இருக்கா? மசாலா டீ ஆறிக்கொண்டிருந்தது. நீங்கள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "சார், நம்ம சங்கத்துல எலெக்ஷன் எப்ப?" பாலு அங்கிள் மைக்கைத் தட்டிவிட்டு, "பாருங்கப்பா, ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவர் நமக்கு ஜனநாயகம் சொல்லித்தர்றாரு!" என்றார். ஹாலே சிரித்தது. கானாவில், குமாசி ஊரில், பதினோரு வருஷம் தண்ணீர் பம்ப் மாட்டிய மனுஷன் நீங்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றீர்கள். "அங்க ராஜாவையே இறக்க வழி இருக்கு சார். இங்க இல்லை. அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். அது யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் இருந்த என் காதில் விழுந்தது.

அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் கொடுக்காமல் விடக்கூடாது. உங்கள் படத்துக்கு மாலை போட்ட அன்றே முடிவு பண்ணிவிட்டேன்.

உங்கள் பேட்மிண்டன் பார்ட்னர், கானாக்காரர் குவாபெனா அங்கிள், பொங்கல் விழாவில் உங்கள் நினைவாகத் தன் குழுவோடு வந்து மேளம் வாசிக்கிறேன் என்றார். பாலு அங்கிளிடம் போய்ச் சொன்னேன்.

"தமிழ் விழாவுல ஆப்பிரிக்க மேளம் எதுக்குடா? ஒரு நிமிஷம் மௌனம் போதும்."

"உங்களை ராஜா மாதிரி குடைக்குக் கீழ உட்கார வைப்பாங்க, அங்கிள்."

"பெரிய குடையா?"

"டெண்ட் சைஸு."

"ம்… பதினஞ்சு நிமிஷம் எடுத்துக்கோ."

குவாபெனா அங்கிளைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "ராஜாவை உட்கார வைக்கிறது எங்களுக்கு விளையாட்டு இல்லை, தம்பி. நாடகம்னு சபையில சொல்லிட்டுத்தான் செய்வேன். அதுவும் உன் மாமாவுக்காக" என்றார். ராஜா சபையில் நேரே வாய் திறக்க மாட்டார், அவர் மெதுவாகச் சொல்வதை, கோல் பிடித்து நிற்கும் ஒச்சியாமே என்பவர்தான் ஊருக்கு எடுத்துச் சொல்வார் என்று விளக்கினார். அந்த ஒச்சியாமே நான். கையில் உங்கள் கோல். மூன்று துண்டாகக் கழற்றி சூட்கேஸில் கொண்டுவந்தீர்களே, உச்சியில் தங்க நிறச் சிலந்தி செதுக்கியது, அதேதான்.

"ராஜா சொல்றதை நீ இன்னும் அழகாச் சொல்லலாம். ஆனா சொல்லாததைச் சொல்லக்கூடாது" என்றார் குவாபெனா அங்கிள். தலையாட்டினேன். பாக்கெட்டில் ஒரு காகிதம் தயாராக இருந்தது. "தலைவர் சொல்கிறார்: நான் இன்றோடு விலகுகிறேன். தேர்தல் நடக்கட்டும்." மைக் என்னிடம். அவர் வாய் திறக்கக்கூடாது. எப்படி என் திட்டம்?

விழா அன்றைக்குக் கடவுளே என் கட்சிக்கு வந்துவிட்டார். ஹைஸ்கூல் ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. பட்டு வேட்டிக்குக் கீழே கறுப்பு ஷூவோடு வந்த பாலு அங்கிள், மேடையில் குத்துவிளக்கு எரிவதைப் பார்த்ததும் பக்தியோடு ஷூவைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, குடைக்குக் கீழே போய் உட்கார்ந்தார். நம்ம ஊர் வழக்கம். குவாபெனா அங்கிள் என் தோளைப் பிடித்தார். "என்ன இது? எங்க ஊர்ல ராஜா தப்புப் பண்ணினா, பெரியவங்க கூடி அவர் செருப்பைக் கழட்டுவாங்க. வெறுங்கால் தரையில பட்டா பதவி போச்சு. இவர் தானாவே கழட்டிட்டாரே!"

மாமா, அந்த ஷூவை என்ன பண்ணினேன் தெரியுமா? யாரும் பார்க்காதபோது எடுத்து மேளப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். இறங்கியவர் திரும்ப ஏறக்கூடாதில்லையா?

மேளம் ஆரம்பித்தது. நாற்காலிக் காலெல்லாம் அதிர்ந்தது. நான் கோலைத் தரையில் ஊன்றி முன்னால் வந்தேன். ஐந்நூறு முகம். "தலைவர் சொல்கிறார்…" என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை மாமா. சவுண்ட் பாக்ஸ் பக்கத்தில் நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தெரியாமல் பார்த்துவிட்டேன். அங்கே வேறு யாரோ ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்போது குடைக்குக் கீழேயிருந்து மெல்லிய குரல். "டேய், சொல்லு. அன்னிக்கு உங்க மாமா ஒரு கேள்வி கேட்டாரு. நாம சிரிச்சோம். முதல்ல சிரிச்சது நான். தப்பு. சொல்லுடா."

திரும்பிப் பார்த்தேன். பாலு அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். அவர் சொன்னதை மட்டும், சத்தமாக, ஒரு வார்த்தை கூட்டாமல். ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. குவாபெனா அங்கிள் மேளத்தை ஒரே ஒரு தட்டு தட்டி நிறுத்தினார்.

ஆனால் மன்னிப்புக் கேட்டவர் தேர்தல் தேதி சொல்லவில்லை, கவனித்தீர்களா? நான் கவனித்தேன். ஏப்ரலில் பொதுக்குழு. கோல் இல்லாமல், குடை இல்லாமல், உங்கள் கேள்வியை என் சொந்த வாயால் கேட்பேன். சிரித்தால் சிரிப்பு அடங்கும்வரை நிற்பேன். அப்புறமும் கேட்பேன். இது சத்தியம்.

இறக்கிவிட்டேன் என்று மேலே பீற்றிக்கொண்டேன் இல்லையா, அதில் ஒரு சின்னத் திருத்தம். விழா முடிந்து, ஜனவரிக் குளிரில் பாலு அங்கிள் வெறுங்காலோடு பார்க்கிங் லாட் வரை ஷூவைத் தேடிக்கொண்டு போனார். பார்க்கச் சகிக்கவில்லை. மேளப் பெட்டியைத் திறந்து, ஓடிப்போய், குனிந்து அவர் காலடியில் வைத்தேன். லேஸையும் நானே கட்டிவிட்டேன். நான் இறக்கிய தலைவரை நானே ஏற்றிவைத்துவிட்டேன் மாமா. குவாபெனா அங்கிள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு அந்த நாற்காலி ஏப்ரல் வரைக்கும்தான்.

உங்கள் அக்கா மகன், உங்கள் கோலைத் தாங்க இன்னும் பழகிக்கொண்டிருக்கும் மருமான்,
கவின்