கேபிளைப் பிடுங்கிய காலை

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட வேண்டாம். பொதுத்தேர்வு முடிவு வெளியாக ஒரு மணி நேரமே இருந்தது. ஹேக்கர்கள் புகாமல் நான் காவல் காக்க வந்த கல்வித்துறை கம்ப்யூட்டரில், யாரும் தொடாமலே மதிப்பெண்கள் மாறத் தொடங்கின. யாரோ வெளியிலிருந்து புகுந்துவிட்டார்கள். அலுவலகம் முழுக்க ஒரே பாஸ்வேர்டு, அதையும் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.

அதிகாரி ஓடி வந்தார். “யாரைக் கேட்டும்மா பிடுங்கின? மந்திரி காத்துக்கிட்டிருக்காரு. மாட்டு.”

“மாட்ட மாட்டேன் சார். பதிவேட்டோட ஒப்பிட்டுப் பாக்கணும். வேலைய விட்டுத் தூக்கினாலும் பரவாயில்ல.”

தட்டச்சு செய்யும் அக்கா மட்டும் மதிப்பெண் பதிவேடுகளைத் தூக்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாலைக்குள், மாறியிருந்த எண்பத்தாறு பிள்ளைகளின் மதிப்பெண்களைத் திருத்தினோம். முடிவு மறுநாள் வெளியானது. அதிகாரி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்ற உத்தரவில் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அம்மாவின் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். மதியம் ஒரு மணிக்குத் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அப்போது போன் செய்யுங்கள், பேச ஒன்றுமில்லாவிட்டாலும் சரி.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன் அப்பா.

உங்கள் மகள்