தாளில் இல்லாத தேத்தண்ணி

ஆறாம் நம்பர் லைன்,
கேமரன் மலை.
14.6.1987

அன்பு மகள் ரஞ்சிதத்துக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். அப்பாவின் இடது கால் பெருவிரலை மட்டும் இதில் சேர்க்கவில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மான்செஸ்டரில் வெயில் வந்ததா? வராவிட்டாலும் நீ நலமாயிருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

அப்பாவின் இனிப்பு நீர் வியாதிக்காக உன் கம்ப்யூட்டர் புரோகிராம் போட்டுக் கொடுத்த சாப்பாட்டுத் தாள் வந்து சேர்ந்ததைப் போன கடிதத்திலேயே சொன்னேன். இரண்டு ஓரமும் ஓட்டை, மடிப்பு மடிப்பாக, பிரித்தால் அடுப்படியிலிருந்து வாசல்வரை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை பார்த்துவிட்டு, "ஏங்க்கா, ஒங்க மக அங்கேருந்தே ஒங்க வீட்டு அடுப்ப மூட்டுறாளா?" என்று கேட்டாள். ஒருவிதத்தில் அப்படித்தான். தாள் சொன்னபடியே சமைத்தேன். சோறு ஒரு கிண்ணம். திங்கட்கிழமை கோதுமைத் தோசை. புதன்கிழமை மீன் என்றிருந்தது, மீன் லோரி வெள்ளிக்கிழமைதான் வரும் என்பதை நீயே மறந்துவிட்டாய், அதை மட்டும் மாற்றிக்கொண்டேன். கியா பார்ம் சந்தையில் வெடித்த கோஸ் மலிவு என்று நான் எழுதியதைக் கம்ப்யூட்டர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது போலும், வாரத்தில் நான்கு நாள் கோஸ். அப்பா தட்டைப் பார்த்து, "இது எனக்கு எழுதுனதா, மொயலுக்கு எழுதுனதா?" என்றார். ஆனாலும் சாப்பிட்டார். நீ அனுப்பியது என்பதற்காக. சீனி டப்பாவைப் பாஞ்சாலையிடம் கொடுத்துவிட்டேன்.

இதை உனக்கு அப்போது எழுதவில்லை. பெருவிரல் புண் ஆறவேயில்லை. தேயிலைக் கொழுந்து லோரியில் கிளட்ச் மிதிக்கிற கால். தோட்ட மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் அர்ஜுனன், இனிப்பு நீர் இறங்காவிட்டால் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவேன், அங்கே விரலை எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார். விரல் போனால் லோரி போகும். டிரஸர் சோதிக்கிற விதம் உனக்குத் தெரியுமே. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் சில சொட்டுச் சிறுநீர், காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் இனிப்பு இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் அதிகம். அப்பாவுக்கு எப்போதும் செங்கல் நிறம். உன் தாள்படி ஒரு மாதம் சாப்பிட்ட பிறகும் அதே செங்கல். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "மெசினுக்கு என்னா தெரியும்லா நம்ம ஒடம்பப் பத்தி? நாளைலேருந்து பழையபடி ஆக்கு," என்றார். நான் தாளை மடித்து வைத்துவிட்டேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அதற்கு முன்பே கீரை போட விதை வாங்கி வைத்திருந்தேன், தாளில் கீரை நிறைய இருந்ததே. விதையை ஏன் வீணாக்க வேண்டும் என்று கொல்லையில் கிடந்த காலி டின்களில் மண் நிரப்ப உட்கார்ந்தேன். நிரப்ப நிரப்ப டின் வந்துகொண்டேயிருந்தது. எல்லாம் டின் பால். ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை, இந்த மாதத்தில் காலியானவை. கையில் மண்ணோடு அப்படியே இருந்தேன்.

அப்பா என்னென்ன சாப்பிடுகிறார் என்று நீ கேட்டாய். எல்லாம் எழுதினேன், ஊறுகாய்கூட. தேத்தண்ணியை எழுதவில்லை. மறக்கவில்லை, தோன்றவில்லை. விடிந்ததும் ஒன்று, பிளாஸ்கில் நான் ஊற்றிக் கொடுப்பது, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் கொடுப்பது, தொழிற்சாலை வாசலில் ஒன்று. எல்லாம் டின் பால் கெட்டியாக விட்டது, அந்தப் பாலில் பாதி சீனி. காலையில் சாப்பிட்டீர்களா என்றால், "பச்சத்தண்ணிகூட பல்லுல படல, தேத்தண்ணிதான் குடிச்சேன்," என்பார். இந்த மலையில் யார்தான் அதைச் சாப்பாட்டில் சேர்க்கிறார்கள்? நீயும் இங்கே பிறந்தவள், உனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாம் இரண்டு பேரும் சொல்லாததைக் கம்ப்யூட்டர் எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்.

அப்பாவிடம் சொன்னதும், "தேத்தண்ணிய நிறுத்துறதுக்கு வெரலயே எடுக்கட்டும்லா," என்றார். தேத்தண்ணியை யார் நிறுத்தச் சொன்னது, பாலைத்தான் என்றேன். மறுநாளிலிருந்து வெறும் சாயம், பாலும் இல்லை சீனியும் இல்லை. முதல் மடக்குக்கு அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். கோஸும் கிண்ணச் சோறும் திரும்ப வந்தன. கொட்டகையில் பெண்கள், "என்னண்ணே, ஒங்க வீட்டுல பாலுக்குப் பஞ்சமா?" என்று கேட்டார்களாம். "எம்மக சீமையிலேருந்து நிறுத்திப்புட்டா," என்றாராம். பெருமையாகத்தான் சொல்லியிருப்பார்.

நேற்று மறுபடி போனோம். டிரஸர் குழாயைக் காய்ச்சினார். நீலம் கலங்கியது. பச்சை வந்தது. மஞ்சளாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. பச்சையிலேயே நின்றது. ஈப்போவுக்கு இப்போது எழுத வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார். புண்ணின் ஓரத்தில் புதுத் தோல், மெல்லியதாக. வரும்போது அப்பா லோரியை என்றைக்கும் இல்லாதபடி மெதுவாக ஓட்டினார், வலியால் இல்லை.

தாளை மறுபடி போட்டு அனுப்பு. தேத்தண்ணியை முதலில் எழுது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கோப்பைக்கு மட்டும் பால் விட இடமிருக்கிறதா என்று கம்ப்யூட்டரைக் கேள், அப்பா கேட்கச் சொன்னார், தான் கேட்டதாக எழுத வேண்டாம் என்றும் சொன்னார். டின்களில் கீரை முளைத்துவிட்டது. எங்கள் சாப்பாட்டையெல்லாம் நீ கேட்டுவிட்டாய், உன்னுடையதை ஒருநாளும் எழுதியதில்லை. எழுது. குடிப்பதையும் சேர்த்து.

அம்மன் உன் கூடவே இருப்பாள். நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அம்மா,
மணியம்மா